தேடுபொறியும் பொய்ச் சாட்சிகளும்

சிதம்பரம் கோயிலைப் பற்றி மரபு வழியாக வழங்கும் ஒரு செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அக்கோயிலின் ஓர் அறையில் தேவார ஏட்டுச் சுவடிகள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அவற்றைக் கண்டெடுத்தபோது, பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டிருந்தது என்பார்கள். சுவடிகள் இல்லாமல் போகவில்லை. இருக்கும் இடம்தான் தெரியாமல் போயிற்று. தேடுவோர் கைக்கு எட்டாத ஏடு, இல்லாத ஏட்டுக்குச் சமம்.

சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடம் ஆற்றைக் கடந்து சென்றால் சீர்காழி வரும். அங்கே 1892-ஆம் ஆண்டில் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் நான்காவது விதி. நூல்களை முறையாக அடுக்குவதும், அட்டைப் பட்டியல் வைப்பதும் இதற்காகத்தான்.

இப்போது ஒரு தீயவனைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவன் நூலகத்துக்குள் நுழைகிறான். எந்த நூலையும் கிழிக்கவில்லை, திருடவுமில்லை. பட்டியலில் உள்ள ஓர் அட்டையை மட்டும் உருவி வேறோர் இழுப்பறையில் செருகிவிட்டுப் போய்விடுகிறான். நூல் அதே அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால், இனி அதை யார் கண்டுபிடிப்பார்?

இன்றைய இணைய உலகில் இதே வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. ஒரு நல்ல இணையதளத்தைத் தேடுபொறியின் பட்டியலில் கீழே தள்ளுவதே அவர்களுடைய நோக்கம். இதை எப்படிச் செய்கிறார்கள், எப்படித் தடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிலந்தியின் வேலை

தேடுபொறியில் ஒரு சொல்லைக் கொடுத்ததும், அது உலகம் முழுவதும் ஓடித் தேடிவிட்டு வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. தேடும் வேலை முன்கூட்டியே நடந்து முடிந்துவிடுகிறது. 'சிலந்தி' எனப்படும் கணிப்பொறி நிரல்கள், ஒரு பக்கத்திலிருந்து அதில் உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்குமாக ஓயாமல் ஊர்ந்து கொண்டிருக்கின்றன. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அவை திரட்டிய குறிப்பிலிருந்து மாபெரும் சொல்லடைவு உருவாகிறது. உங்கள் பாடநூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றதே இது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'பிச்சாவரம்' என்று தேடினால், அச்சொல் உள்ள பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுள் எதை முதலில் காட்டுவது? இரண்டாம் பக்கத்துக்குப் புரட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே, வரிசையில் முதலிடமா ஐம்பதாம் இடமா என்பது, இருப்பதா இல்லாமல் போவதா என்ற கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

நூறு பேர் நடந்த கணக்கு

1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கேய் பிரின் ஆகிய இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'பேஜ்ரேங்க்'. ஒரு பக்கம் மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதை, அதற்காகச் சாட்சி சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாட்சிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. சாட்சி சொல்பவரின் மதிப்பையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள நுட்பம்.

ஆனால் சாட்சியின் மதிப்பை அறிய, அவருக்குச் சாட்சி சொன்னவர்களின் மதிப்பு தெரிய வேண்டுமே! இது முடிவில்லாமல் சுற்றுவது போலத் தோன்றுகிறதல்லவா? ஓர் எளிய கணக்கால் இதற்கு விடை காண்போம்.

மூன்று ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கடலூர், சிதம்பரம், பண்ருட்டி. ஒவ்வோர் ஊரும் ஓர் இணையப் பக்கம். இடையே உள்ள ஒருவழிப் பாதைகளே இணைப்புகள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒன்று, பண்ருட்டிக்கு ஒன்று என இரண்டு பாதைகள் உண்டு. பண்ருட்டியிலிருந்து சிதம்பரத்துக்கு மட்டும் ஒரு பாதை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு மட்டும் ஒரு பாதை. நூறு பேர் இவ்வூர்களில் நிற்கிறார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தாம் நிற்கும் ஊரிலிருந்து புறப்பட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இரண்டு பாதைகள் இருந்தால் பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றதிலும் செல்வார்கள்.

பல முறை மணி அடித்த பிறகு என்ன ஆகும்? கடலூரில் 40 பேர், சிதம்பரத்தில் 40 பேர், பண்ருட்டியில் 20 பேர் என்ற நிலைக்கு அது வந்து சேரும். சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடலூரின் 40 பேரில் 20 பேர் சிதம்பரத்துக்கும் 20 பேர் பண்ருட்டிக்கும் போகிறார்கள். பண்ருட்டியின் 20 பேரும் சிதம்பரத்துக்குப் போகிறார்கள். ஆகச் சிதம்பரத்துக்கு 20 + 20 = 40. சிதம்பரத்தின் 40 பேரும் கடலூருக்கு வந்துவிடுகிறார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், எண்ணிக்கை மாறுவதில்லை. மூடிய பாத்திரத்தில் உள்ள நீரும் நீராவியும் சமநிலை அடைவதைப் படித்திருக்கிறீர்களே, அதே போன்ற இயங்கு சமநிலைதான் இது.

இந்த எண்களை மீண்டும் உற்றுப் பாருங்கள். சிதம்பரத்துக்குள் இரண்டு பாதைகள் வருகின்றன. கடலூருக்குள் ஒன்றுதான் வருகிறது. இருந்தும் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே! கடலூருக்குச் சாட்சி சொல்பவர் ஒருவரே எனினும், அவர் மதிப்புள்ளவர் என்பதே காரணம்.

உண்மையான கணக்கில் ஒரு சிறு திருத்தம் உண்டு. நடப்பவர்களில் நூற்றுக்கு 85 பேர் பாதை வழியே செல்வார்கள் என்றும், மீதி 15 பேர் எந்தப் பாதையையும் பார்க்காமல் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள் என்றும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வெளியேற வழியில்லாத பக்கங்களில் எல்லாரும் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. ஆனால் இந்த 15 பேர் வழியாகத்தான் மோசடியும் உள்ளே நுழைந்தது.

பொய்ச் சாட்சிகள்

தாவுகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் விழுவார்கள் அல்லவா? ஆகவே யாருமே இணைப்புக் கொடுக்காத வெற்றுப் பக்கத்துக்கும் ஒரு துளி மதிப்புக் கிடைக்கிறது. ஒருவன் ஐம்பதாயிரம் வெற்றுப் பக்கங்களை உண்டாக்கி, அவை அனைத்தையும் தன் தளத்துக்கே இணைப்புக் கொடுக்கச் செய்தால்? சிறு துளி பெருவெள்ளம்! இவ்வாறு உருவாக்கப்படும் கூட்டங்களை 'இணைப்புப் பண்ணை' என்கிறார்கள். விலை கொடுத்து இணைப்பு வாங்குவதும் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

2011 பிப்ரவரியில், அமெரிக்காவின் ஜே. சி. பென்னி என்ற பெரிய வணிக நிறுவனம் பல பொருள்களின் தேடலில் முதலிடம் பிடித்திருந்ததற்கு, தொடர்பே இல்லாத பல தளங்களில் வைக்கப்பட்டிருந்த இணைப்புகளே காரணம் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. தங்கள் ஒப்புதலோடு அது நடக்கவில்லை என்று நிறுவனம் கூறியது. எனினும் கூகுள் அதைப் பட்டியலில் கீழே இறக்கியது.

பொய்ச் சாட்சிகளைப் பிரிப்பது எப்படி? சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத் என்ற கணிப்பொறி அறிஞர், ஜார்ஜ் மிஹைலா என்பவருடன் சேர்ந்து 'ஹில்டாப்' என்ற முறையை உருவாக்கினார். ஒரு துறையில் தேர்ந்த பக்கங்களைச் சாட்சிகளாகக் கொள்ள வேண்டும். அச்சாட்சிகள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே வீட்டைச் சேர்ந்த பத்துப் பேர் வந்து சாட்சி சொன்னால் ஊர்ப் பஞ்சாயத்து அதை ஏற்குமா? அதே நியாயம்தான் இங்கும்.

2012 ஏப்ரலில் கூகுள், 'பென்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டு வந்தது. பொய் இணைப்புகளால் உயர்ந்த தளங்களை அது தண்டித்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் இதனால் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே தெரிவித்தது.

தேர்வு அறையில் துண்டுச் சீட்டு

இங்கேதான் கதை திரும்புகிறது. தேர்வு எழுதும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். விடை எழுதிய துண்டுச் சீட்டு யார் மேசைக்கடியில் கிடந்தாலும் அவரை வெளியேற்றிவிடுவார்கள் என்று ஒரு விதி. காப்பியடிப்பவனைத் தடுக்க வந்த விதி அது. ஆனால் கெட்ட எண்ணம் உள்ள ஒருவன் என்ன செய்வான்? தான் காப்பியடிக்க மாட்டான். சீட்டை எழுதி, நன்றாகப் படிக்கும் பக்கத்து மாணவியின் மேசைக்கடியில் வீசிவிடுவான்!

பொய் இணைப்புக்குத் தண்டனை உண்டு என்றானதும் இணையத்திலும் இதையே முயன்றார்கள். என் தளத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகள் என் கையில் உள்ளன. என் தளத்தை நோக்கி வரும் இணைப்புகளோ பிறர் கையில் உள்ளன. யார் வேண்டுமானாலும் சூதாட்டப் பக்கங்களிலிருந்தும் ஆபாசப் பக்கங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இணைப்புகளை என் தளத்தை நோக்கித் திருப்பிவிடலாம். பார்ப்பவருக்கு நானே அவற்றை விலைக்கு வாங்கியதாகத் தோன்றும்.

இதற்கு இரண்டு படிகளில் மாற்று ஏற்பட்டது. 2012 அக்டோபரில், 'இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று தள உரிமையாளர் ஒரு மறுப்புப் பட்டியல் தரும் வசதியைக் கூகுள் அளித்தது. 2016 செப்டம்பரில் வந்த பென்குவின் மாற்றம் இன்னும் அடிப்படையானது. பொய் இணைப்பைக் கண்டால் தளத்தைத் தண்டிப்பதற்குப் பதிலாக, பெரும்பாலும் அந்த இணைப்பை மதிப்பற்றதாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது என்று முறை மாறியது. தேர்வு அறைக் கண்காணிப்பாளர், மாணவியை வெளியேற்றாமல் சீட்டை மட்டும் எடுத்துக் குப்பையில் போடுவது போல! சீட்டை வீசுவதால் பயன் இல்லை என்றால் வீசுகிறவன் கை தானே ஓய்ந்துவிடும்.

வேறு வழிகள்

ஆனால் தீயவர்களுக்கு வழி ஒன்றுதானா? மேலும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நகலெடுத்தல். உங்கள் கட்டுரையை வரி மாறாமல் எடுத்துப் பல தளங்களில் ஒட்டிவிடுவார்கள். எது மூலம், எது நகல் என்று தேடுபொறி குழம்பினால், சில வேளை நகல் மேலேறி மூலம் கீழே போய்விடும்.

இரண்டாவது, பொய்ப் புகார். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றின்படி, 'என் படைப்பை இத்தளம் திருடிவிட்டது' என்று ஒருவர் புகார் செய்தால், தேடுபொறி அப்பக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பாதுகாப்புக்காக வந்த இந்தக் கருவியும் ஆயுதமாக்கப்பட்டது. போட்டியாளர்களின் தளங்களை நீக்குவதற்காகப் பொய்ப் புகார்களைக் குவித்தார்கள் என்று சிலர் மீது கூகுள் நிறுவனமே 2023 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகத் தளங்கள் இவ்வாறு குறிவைக்கப்பட்டதாக அந்நிறுவனம் கூறியது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது: இடைச்செருகல். பழைய சுவடிகளில் பிற்காலத்தவர் தம் பாடல்களை நுழைத்துவிடுவதை இடைச்செருகல் என்று தமிழாசிரியர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதுபோல, கடவுச்சொல்லைத் திருடியோ பழைய மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாகவோ தளத்துக்குள் புகுந்து, தங்கள் இணைப்புகளையும் பக்கங்களையும் ஒளித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சிலந்தி வந்து பார்க்கும்போது மட்டும் வேறு முகம் காட்டும். 2024 மே மாதத்தில், நம் நாட்டின் சில மாநில அரசுத் தளங்களின் பக்கங்களே மக்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவதை டெக்கிரஞ்ச் என்ற செய்தித் தளம் வெளியிட்டது. அரசுத் தளங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நம்முடைய நூறு பேர் கணக்கை நினைவுகூருங்கள். மதிப்புள்ள சாட்சியின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு வலிமை அதிகம்!

இவையெல்லாம் வணிகர்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. இனி ஒரு புயல் வரும்போது கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள குடும்பங்கள், பாதுகாப்பு மையம் எங்கே, மின்சாரம் எப்போது வரும், நிவாரணத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கைப்பேசியில்தான் தேடுவார்கள். அந்த நேரத்தில் உண்மையான பக்கம் அமிழ்ந்து போய், 'வங்கி எண்ணைக் கொடுங்கள், நிவாரணம் வரும்' என்று ஏமாற்றும் பக்கம் மேலே மிதந்தால் என்ன ஆகும்? தேர்வு முடிவு வெளியாகும் நாளில் போலித் தளம் முதலில் வந்தால் என்ன ஆகும்? தேடல் வரிசையைக் கெடுப்பது, வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைப்பதற்கு ஒப்பாகும்.

காவல் செய்யும் முறை

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பற்றி ஓர் இணையதளம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிக் காப்பது?

முதலில், அளந்து வையுங்கள். நோய் வந்த பிறகு மட்டும் நாடி பார்ப்பவன் எது இயல்பு என்று அறிய மாட்டான். 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற கட்டணமில்லாத கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்து கொள்ளலாம். எந்தச் சொற்களைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள், யார் யார் இணைப்புக் கொடுத்துள்ளார்கள், தளத்துக்குள் ஏதேனும் ஊடுருவல் தென்படுகிறதா என்பவற்றை அது காட்டும். வாரம் ஒருமுறை அந்த எண்களை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். திடீர் மாற்றம் கண்ணில் பட அதுவே வழி.

இரண்டாவது, பூட்டைச் சரிபாருங்கள். இடைச்செருகலே கொடிய தாக்குதல் என்றேன். அதைத் தடுப்பதுதான் உங்கள் கையில் முழுமையாக உள்ளது. தளத்தை இயக்கும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். நீண்ட கடவுச்சொல்லை வையுங்கள். அதோடு கைப்பேசி வழியாக இரண்டாம் சரிபார்ப்பையும் சேருங்கள். பள்ளியை விட்டுப் போன மாணவர்களின் கணக்குகளை நீக்கிவிடுங்கள். தளத்தின் முழுப் பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள். தேடுபொறியில் உங்கள் தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எழுதாத பக்கம் ஏதேனும் வந்தால் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, மூலத்துக்குச் சான்று வையுங்கள். கட்டுரை வெளியான நாள், எழுதியவர் பெயர், படங்களின் அசல் கோப்புகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பொய்ப் புகார் வந்தால் எதிர் விளக்கம் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அப்போது இச்சான்றுகள் கைகொடுக்கும். எது மூலப் பக்கம் என்று தேடுபொறிக்கு அறிவிக்கும் குறிப்பைப் பக்கத்தின் தலைப் பகுதியிலேயே எழுதி வைக்கவும் முடியும்.

நான்காவது, கெட்ட இணைப்புகளைக் கண்டு பதறாதீர்கள். பெரும்பாலானவற்றைத் தேடுபொறி தானே ஒதுக்கிவிடுகிறது. மறுப்புப் பட்டியல் அறுவைக் கத்தி போன்றது. தேடுபொறியிடமிருந்து எச்சரிக்கை வந்தாலோ, பொய் இணைப்புகளால் எச்சரிக்கை வரக்கூடும் என்று உறுதியாகத் தெரிந்தாலோ மட்டும் அதை எடுக்க வேண்டும். அவசரத்தில் நல்ல இணைப்புகளையும் அதில் சேர்த்துவிட்டால், உங்கள் கையாலேயே உங்கள் சாட்சிகளை விரட்டியவர் ஆவீர்கள்.

ஐந்தாவது, குற்றம் நடந்தது உறுதியானால் முறையிடுங்கள். பிறர் கணிப்பொறிக்குள் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு புகுந்து தகவலை மாற்றுவது, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆசிரியரிடம் சொல்லி, அவர் மூலம் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தளம் வரிசையில் இறங்கியதும் 'எவனோ சதி செய்துவிட்டான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கம் மெதுவாகத் திறக்கலாம், இணைப்புகள் அறுந்திருக்கலாம், தேடுபொறியே தன் கணக்கிடும் முறையை மாற்றியிருக்கலாம், உங்களைவிட நன்றாக எழுதிய ஒருவர் வந்திருக்கவும் கூடும்! சோதனைச் சாலையில் ஊசல் தவறான கால அளவைக் காட்டினால், முதலில் நம் அளவீட்டைத்தானே சரிபார்க்கிறோம்? இங்கும் அதுவே முறை.

இனி நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் மூன்று ஊர்களையும் வரைந்து, நூறு பேரையும் முதலில் கடலூரிலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு மணிக்கும் எண்களை மாற்றி எழுதிக்கொண்டே போங்கள். அரை ஆள் வந்தாலும் கவலை வேண்டாம், பின்னமாகவே எழுதுங்கள். முதல் மணிக்குப் பின் 0, 50, 50. இரண்டாம் மணிக்குப் பின் 50, 50, 0 என்று எண்கள் முதலில் தாறுமாறாக ஆடும். பத்துப் பன்னிரண்டு மணிகளுக்குள் 40, 40, 20-ஐ நெருங்கி அடங்கிவிடும். பிறகு நான்காவதாக ஒரு பொய் ஊரை வரைந்து, அதிலிருந்து பண்ருட்டிக்கு மட்டும் ஒரு பாதை போடுங்கள். அந்த ஊருக்குள் எந்தப் பாதையும் வர வேண்டாம். மணி அடித்துப் பாருங்கள். சாட்சி சொல்ல ஆள் இல்லாத அந்த ஊரால் பண்ருட்டியின் மதிப்பு உயர்கிறதா? இப்போது 15 பேர் தாவும் விதியையும் சேர்த்து மீண்டும் கணக்கிடுங்கள். பொய்யன் எந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறான் என்பது உங்கள் தாளிலேயே தெரிந்துவிடும்.